கோச்சரின் திங்கட்கிழமைப் பட்டியல்

டொரொன்டோத் தமிழர்களில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் கோச்சர். இத்தனைக்கும் அவர் அந்த ஆட்டத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. கோட்டுக்கு வெளியே, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கும் தலைமைப் பயிற்றுநரை மட்டும்தான் பார்ப்பார். உரித்த தேங்காய் மாதிரி இருக்கும் அந்தப் பந்து எங்கே போனது என்று கேட்டால், "அது எனக்கென்னத்துக்குத் தம்பி? உவன்ர முகத்தைப் பாருங்கோ, பந்து எங்க போனதெண்டு தெரியும்" என்பார்.

மிசிசாகாவில் விமான நிலையத்தை ஒட்டியிருந்த ஒரு சரக்கு நிறுவனத்தில் நாங்கள் வேலை செய்தோம். அவர் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவார். நான் மேசையில் இருந்து பத்திரங்கள் சரிபார்ப்பேன். சம்பளப் பிரிவுக்குத்தான் அவருடைய சொந்தப் பெயர் தெரியும். எப்போதும் 'கோச்'மாரையே பார்த்துக்கொண்டிருப்பதால் மற்ற எல்லோருக்கும் கோச்சர். முதன்முதலில் அந்தப் பெயரைக் கேட்ட என் மனைவி, "பாவம், ஊரில கோச்சி ஓடினவரோ?" என்று கேட்டாள். ரயில் ஓட்டினவர் இங்கே வந்து பெட்டி தூக்குகிறார் என்று ஒரு மாதம் அவர்மேல் இரக்கப்பட்டாள்.

அஜின்கோர்ட்டில் அவருடைய பதினோராம் மாடி பல்கனியில் ஒரு அன்ரெனா இருந்தது. அதில் எல்லை தாண்டி பஃபலோச் சானல் ஒன்று பிடிபடும். அந்தச் சானல் சனிக்கிழமைகளில் பதினாறு பல்கலைக்கழகங்கள் கூடி ஆடும் ஒரு பிரிவின் ஆட்டங்களைக் காட்டும். அதனால் அந்தப் பதினாறு பயிற்றுநர்களும் கோச்சரின் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். திங்கள் காலை சாப்பாட்டறைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசை. எல்லாம் தமிழில், முத்து முத்தான எழுத்தில். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிக் காரணம். முதலாம் ஆள்: "தோற்றாலும் கைகொடுக்கும்போது கண்ணைப் பார்க்கிறான்." ஒன்பதாம் ஆள்: "மழை வந்ததும் பிள்ளைகளுக்கு முன்னம் தான் கோட் போட்டான்." பதினாறாம் ஆள்: "பிழை விட்ட பெடியனுக்கு முதுகைக் காட்டினான்." கடைசி இடத்தில் மூன்று கிழமை தொடர்ந்து இருந்தவனுக்கு வேலை போய்விடும். ஒரே பருவத்தில் அப்படி இரண்டு பேருக்குப் போனது. அதற்குப் பிறகு களஞ்சியத்தில் கோச்சரின் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

அந்தக் காலத்திலும் நான் இதே பத்திரிகையில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். வாராவாரம் ஒரு பிரதியைச் சாப்பாட்டறை மேசையில், என் பத்தி மேலே தெரியும்படி விரித்து வைப்பேன். பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் என் பெயருக்கு மேல் யாரோ ஒருவரின் சூடான மீன்குழம்புப் பாத்திரம் இருக்கும். மூன்றடி தள்ளி, கோச்சரின் தாளுக்கு முன்னால் ஆட்கள் கையில் கோப்பையோடு வரிசையில் நிற்பார்கள். எனக்கு வயிறு எரியும். வீட்டுக்குப் போனால் மனைவி சப்பாத்தைக் கழற்ற முன்னம் கேட்பாள்: "இண்டைக்கு ஆர் முதலாவது?"

இது போதாதென்று எங்கள் மேலாளர் டெபி ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, "நீ எழுத்தாளன்தானே, அந்தத் தாளில் உள்ளதை எங்களுக்கு ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்லேன்" என்றார். ஒன்பது வருடத்தில் அந்த அலுவலகம் என்னை எழுத்தாளன் என்று அழைத்தது அன்றைக்குத்தான். அதுவும் இன்னொருவர் எழுதியதை வாசிக்க. அன்று முதல் திங்கள்தோறும் பத்து மணிக்கு நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கோச்சரை மொழிபெயர்த்தேன். அவர் பின்வரிசையில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் மூன்று கிழமை பாடுபட்டு எழுதிய ஒரு கட்டுரை வெளிவந்த வாரம் அது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. திங்கள் காலை தாளுக்கு முன்னால் நின்றபோது எனக்குள் ஏதோ புகுந்துவிட்டது. ஏழாம் இடத்தில் ஒரு மொட்டைத் தலையர் இருந்தார். அவருடைய அணி அந்தச் சனிக்கிழமை முதலாம் இடத்துக்காரரின் அணியோடு மோத இருந்தது. நொறுங்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் அந்த மொட்டையை இரண்டாவது என்று வாசித்தேன். சனிக்கிழமையோடு கோச்சரின் மதிப்புக் கவிழட்டும் என்பதுதான் என் எண்ணம்.

பாரம் தூக்கும் வண்டி ஓட்டும் நிஸாம் நானா கிழக்கிலங்கைக் கல்முனைக்காரர். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் இருப்பதை எரிச்சலில் நான் மறந்துவிட்டேன்.

"என்ன எழுத்தாளர், தாள்ல ஏழு எண்டல்லவா போட்டிரிக்கி? நீங்க ரெண்டு எண்டு சொல்றீங்க."

டெபி என்னைப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து கோச்சரின் குரல் வந்தது.

"நான்தான் காலமை மாத்தச் சொன்னனான் நானா. தாளில திருத்த மறந்திட்டன்."

வந்து, பேனையை எடுத்து, தன் முத்தான எழுத்தில் அடித்துத் திருத்திவிட்டுப் போய்விட்டார். எனக்கு நன்றி வரவில்லை. பெருந்தன்மையிலும் இந்த ஆள் என்னை வென்றுவிட்டாரே என்று இன்னும் கூடுதலாக எரிந்தது.

சனிக்கிழமை மொட்டை வென்றார். சும்மா இல்லை, முதலாம் ஆள் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறியும்படி வென்றார். அன்றைக்கே அலுவலக வாட்ஸப் குழு முழுவதும் கோச்சரின் புகழ். அமெரிக்க விற்பன்னர்களுக்கே தெரியாதது எங்கள் களஞ்சியத்துக்குத் தெரிந்தது என்று டெபி எழுதினார். என் மனைவி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். என் வாழ்நாளில் நான் சரியாகச் சொன்ன ஒரே ஆரூடம் அது. அதை என்னுடையது என்று சொல்லவும் வழியில்லை.

ஞாயிறு மாலை அஜின்கோர்ட்டுக்குப் போனேன். கோச்சர் பிளேன்ரீ ஊற்றித் தந்தார்.

"அண்ணை, நான் வேணுமெண்டுதான் மாத்தி வாசிச்சனான்."

"தெரியும். ஆனா ஏன் அந்த மொட்டையைத் தூக்கினனீங்கள்? எனக்கு அவன் பிடிபடவேயில்லை."

"பொறாமை அண்ணை."

அவர் கோப்பையை வைத்துவிட்டுத் தலையாட்டினார். "ஓம், அது சரி. மற்றவனுக்குக் கைகொடுக்கேக்க அவன்ர தாடை இறுகிறது. பொறாமை பிடிச்சவன் ரெண்டு மடங்கு உழைப்பான். நான் அதைக் கவனிக்கேல்லை."

"மொட்டைக்கு இல்லை அண்ணை. எனக்கு. உங்களில."

கோச்சர் தான் கட்டியிருந்த பழைய சறத்தையும் அன்ரெனா வயரையும் ஒருமுறை பார்த்தார். இதில் எதைக் கண்டு பொறாமைப்படுகிறீர்கள் என்று கேட்பதுபோல இருந்தது.

"தம்பி, எனக்கு இங்கிலிஸில மூண்டு வசனம் சேந்தாப்போல வராது. நான் ஒரு வரிதான் எழுதுறனான். நீங்கள் அதை டெபிக்குச் சொல்லேக்க கை காட்டி, முகம் காட்டி, என்ர தாளில இல்லாத கதையெல்லாம் சொல்லுறியள். சனம் சிரிக்குது. நான் பின்னால நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். எனக்கு எரியிறதை நான் ஆருக்குப் போய்ச் சொல்ல?"

ஆறிப்போன தேநீரைக் குடித்தேன். திங்கள் காலைத் தாளின் அடியில் அவருடையதும் என்னுடையதுமாக இரண்டு பெயர்கள் இருந்தன. என் பெயர் கொஞ்சம் சின்ன எழுத்தில். அந்தக் கொஞ்சத்தை நான் அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு பருவம் அப்படிச் சேர்ந்து வரிசை போட்டோம். போன வருடம் மகள் வந்து அவரை எட்மன்ரனுக்குக் கூட்டிப்போய்விட்டாள். சனிக்கிழமை மத்தியானங்களில் இப்போதும் மகளின் கணினியில் ஆட்டத்தைப் போட்டுவிட்டுத் தொலைபேசி எடுப்பார். "உவன்ர முகத்தைப் பாத்தனீங்களே?" என்று தொடங்குவார். நான் ஓம் என்பேன், ஆட்டம் முடியும் வரை இருவரும் வைக்கமாட்டோம். நிஸாம் நானாவுக்கும் இப்படி எடுத்துக் கதைக்கிறாரா என்று அவரிடம் கேட்க வேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன். ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் இன்னும் கேட்கவில்லை.