பத்து நிமிடத்தில் நாகப்பட்டினம் போன பெண்

சேசு மரி சூசை துணை

வரிச்சிக்குடி,
வியாழக்கிழமை

அன்புள்ள மைத்துனர் நெல்சனுக்கு, அத்தான் அடைக்கலராஜ் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதப் பேனா மறுக்கிறது. அங்கே உன் சுகத்துக்கும் ஆக்சிலியா, பிள்ளைகள் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறோம். இந்தக் காலத்தில் போனில் பேசாமல் அத்தான் கடிதம் எழுதுகிறாரே என்று நினைப்பாய். என் போனை மகள் ஆன்லின் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மாடி ரூமைத் திங்கட்கிழமைக்குள் காலி செய்து வைக்க முடியுமா? உன் மருமகள் ஆன்லின் சென்னைக்கே திரும்ப வேண்டியிருக்கும் போலிருக்கிறது. உன் அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதும், அம்மாவைக் கவனித்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கம்பெனியில் கெஞ்சி அனுமதி வாங்கி வந்தாள் அல்லவா, அந்த அனுமதியோடு ஒரு கண்டிப்பும் வந்தது. வீட்டிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் ஒழுங்காக நுழைந்து, அறுபடாமல் வேலை செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் வருகிற திங்கள் முதல் ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். அவள் போய்விட்டால் உன் அக்காவை நடக்க வைப்பது யார் என்பதுதான் என் கவலை. நான் கையைப் பிடித்தால், “நீங்க பிடிச்சா நான் விழுந்துடுவேங்க” என்கிறாள். கல்யாணத்தன்று கோயிலில் பிடித்த அதே கைதான். மகள் பிடித்தால் மட்டும் நாலு அடி வைக்கிறாள், அதுவும் முனகிக்கொண்டே. டாக்டரோ, நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

இந்த நெட்வொர்க் என்பது என்ன என்று நீ கேட்கக் கூடாது. நான் கேட்டேன். “வீட்லேருந்து ஆபீசுக்குப் போற தனி வழிப்பா, வேற யாரும் உள்ள வர முடியாது” என்றாள் ஆன்லின். வேறு யாரும் என்பதில் பெற்ற தகப்பனும் சேர்த்தி என்று பிறகுதான் தெரிந்தது. இன்சூரன்ஸ் எடுத்தவர்களின் நோய் விவரமெல்லாம் அவள் திரையில் ஓடுகிறதாம், அதனால் அவள் வேலை செய்யும்போது அறைக்குள் மனிதர் நுழையக் கூடாதாம். காபி கொண்டுபோனால் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு இருமிவிட்டு வர வேண்டும். பீரோவும் அந்த அறையில்தான் இருக்கிறது, ஆகவே என் சட்டை வேட்டி எல்லாம் இப்போது கம்பெனியின் பாதுகாப்பில் இருக்கின்றன. போன ஞாயிறு பூசைக்கு நான் போட்டுப்போன சட்டையைப் பார்த்துச் சாமியார் விசாரித்தார். இன்டர்நெட் பெட்டியை வைக்க இடம் தேடினால், கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடும் பிளக் ஹாலில் ஒன்றே ஒன்றுதான். அது திருஇருதயப் படத்தின் சிவப்பு பல்புக்கு உள்ளது. “ஆண்டவர் லைட்டைப் புடுங்கிட்டு அதுல பெட்டியா?” என்று உன் அக்கா கட்டிலில் கிடந்தபடியே அழுதாள். கடைசியில் ஒரே சுவிட்சில் இரண்டையும் மாட்டிச் சமாதானம் செய்தோம். ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் பெட்டி மயங்கி விழுந்துவிடும், தானாக எழுந்திருக்காது. யாராவது போய் சுவிட்சை அணைத்துப் போட வேண்டும். பள்ளிக்கூட ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ரிட்டயரான எனக்கு இந்த வீட்டில் கிடைத்திருக்கும் உத்தியோகம் அதுதான். நான் அணைக்கும்போதெல்லாம் ஆண்டவரின் பல்பும் அணையும், உன் அக்கா சிலுவை போட்டுக்கொள்வாள்.

பட்ட காலிலே படும் என்பார்கள். சம்பா அறுவடை நடக்கிறது. அறுவடை மெஷின் நம் தெரு வழியாக வயலுக்குப் போகும்போதெல்லாம் அதன் தலை இன்டர்நெட் கேபிளில் மாட்டி அறுத்துக்கொண்டு போகிறது. கேபிள்காரர் முருகானந்தம் நல்ல மனிதர், கூப்பிட்டால் வருவார், ஆனால் அன்றைக்கே வருவார் என்று சொல்ல முடியாது. “அறுப்பு முடியற வரைக்கும் இப்படித்தாங்க சார் இருக்கும். மெஷின்காரன்கிட்ட நான் என்னத்த சொல்ல, அவனை நம்பித்தான் எங்க நெல்லும் நிக்குது” என்று ஒட்டுப் போட்டுவிட்டுப் போகிறார். திங்கட்கிழமை வேலை நடுவில் அறுந்துவிட்டது. உள்ளே பிள்ளை பதறுகிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. “என் போன்ல நெட்டு இருக்கும்மா, அதுல போட்டுக்க” என்று கதவிடுக்கு வழியாகக் கொடுத்தேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. என் போனின் சிம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொறையாறில் வாங்கியது. அதன் டவரும் அந்தப் பக்கம்தான், தமிழ்நாட்டில், நாகப்பட்டினம் கணக்கில். நம் வீடோ பாண்டிச்சேரி கணக்கில். கம்பெனி மெஷின் என்ன பார்த்தது தெரியுமா? பத்து மணிக்கு வீட்டு லைனில் ஆன்லின் பாண்டிச்சேரியில் இருக்கிறாள், பத்து நிமிடம் கழித்து நாகப்பட்டினத்தில் இருக்கிறாள். மனிதப் பிறவி இவ்வளவு வேகமாகப் போக முடியாது, இது திருடன்தான் என்று கதவைச் சாத்திவிட்டது. “இவ்வளவு தூரத்தை எப்படிக் கடந்தீர்கள், விளக்கவும்” என்று அவளுக்கு மெயில் வேறு. பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையப்பா! பாண்டிச்சேரியிலிருந்து பஸ் ஏறிப் பார்க்கட்டும், இடுப்பு கழன்றுவிடும். அன்றைக்குத்தான் என் போன் அரிசி டின்னுக்குள் போனது.

நேற்று கம்பெனியின் நெட்வொர்க் ஆள் ஃபயாஸ் என்று ஒரு தம்பி, முகவரியை உறுதிப்படுத்த வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமென்று ஆன்லின் போனில் கூப்பிட்டார்.

“அங்கிள், நீங்க இருக்கிறது பாண்டிச்சேரியா, தமிழ்நாடா?”

“பாண்டிச்சேரி தம்பி.”

“ஓ, பீச் ரோடு பக்கமா?”

“அது இங்கேருந்து பாதி நாள் பயணம் தம்பி. நடுவுல தமிழ்நாட்டைத் தாண்டிப் போகணும்.”

“அப்ப நீங்க தமிழ்நாடு.”

“இல்லப்பா, எங்களைச் சுத்திதான் தமிழ்நாடு. நாங்க காரைக்கால்.”

அந்தப் பக்கம் எதையோ தேடித் தேடித் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “அங்கிள், சிஸ்டத்துல அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே” என்றார் வருத்தமாக. அந்தத் தம்பியைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. உன் கல்யாணத்துக்கு வந்த பெண் வீட்டாரே பாண்டிச்சேரியில் இறங்கி நம் வீட்டைத் தேடவில்லையா? கடைசியில் ஃபயாஸ், “மேலதிகாரிகிட்ட பேசிப் பாக்கறேன். நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை காலையில லைன் அறுபடாம நின்னு காட்டணும், அதுதான் கடைசி சான்ஸ்” என்று சொல்லியிருக்கிறார். ஆகவே நாளைக்கு நான் தெருவில் மூங்கில் கழியோடு நின்று, மெஷின் வரும்போதெல்லாம் கேபிளைத் தூக்கிப் பிடிக்கப் போகிறேன். நம்பிக்கை இல்லை. இந்த வயதில் எனக்கு அலுத்துவிட்டது நெல்சன். தவக்காலம் இன்னும் பிறக்கவில்லை, இந்த வீட்டில் பிறந்துவிட்டது. பிள்ளை போகட்டும். உன் ரூமில் நிம்மதியாக வேலை செய்யட்டும். அக்காவை நான் எப்படியோ பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்காதே.

ஆக்சிலியாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள். மாதாவின் நிழல் உங்கள் வீட்டின் மேல் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்ந்துபோன அத்தான்,
அடைக்கலராஜ்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை சாயங்காலம்): தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் வீணாக்க மனமில்லாமல் உறையைப் பிரித்து இதையும் எழுதுகிறேன். மேலே உள்ளது எல்லாம் ரத்து. காலையில் தெருவில் நான் கழியோடு நின்று, மெஷின் ஒன்றைப் பத்திரமாக அந்தப் பக்கம் அனுப்பினேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பெட்டி மயங்கிவிட்டது. ஆன்லின் உள்ளே ஃபயாஸோடு பரீட்சையில் இருக்கிறாள், நான் ரோட்டில் கேபிளைத் தாங்கிக்கொண்டு கத்துகிறேன், வீட்டில் சுவிட்சுக்கு ஆள் இல்லை. கழியைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தால், உன் அக்கா கட்டிலை விட்டு இறங்கி, சுவரைக் கூடப் பிடிக்காமல் ஹாலைக் கடந்து போய், திருஇருதயப் படத்துக்கு முன்னால் நிற்கிறாள். சுவிட்சை அணைத்துப் போட்டிருக்கிறாள். பெட்டியும் எரிகிறது, ஆண்டவரும் எரிகிறார். “எப்படிடி நடந்தே?” என்றேன். “நெட்டு போச்சுன்னா புள்ள போயிடுமேங்க” என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன்.

லைன் உடனே திரும்பிவிட்டதால் பரீட்சை பாஸ். ஃபயாஸ் தம்பி சிஸ்டத்தில் காரைக்கால் என்று புதிதாகச் சேர்த்துவிட்டார். அம்மா குணமாகும்வரை ஆன்லின் இங்கிருந்தே வேலை செய்யலாமாம். ஆகவே மாடி ரூமுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். அக்கா நடந்த சேதியை ஆக்சிலியா தவிர யாரிடமும் மூச்சு விடாதே. பொய் சொல்ல வேண்டாம், கேட்டால் பேச்சை மாற்று, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். மத்தியானம் ஃபயாஸ் கூப்பிட்டு, “அம்மாக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்காவே, “ஐயோ, மூட்டு உயிர் போகுதே” என்று அவர் காதில் விழும்படி முனகினாள். அடுப்படியில் நின்று மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டு.