சம்பள உயர்விலிருந்து காப்பாற்றியவர்

சம்பளத்தை உயர்த்திப் புகழ் பெற்றவர்கள் உலகத்தில் பலர். உயர்த்தாமலே வணங்கப்பட்ட மகான் ஒருவர்தான். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சீஸ் தொழிற்சாலைக்கு மேலாளர், டெல்பர்ட் ஆஸ்ட்ராண்டர்.

அந்த ஆண்டு தொழிலாளிகள் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு டாலர் உயர்வு என்று ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மீறும் பழக்கம் டெல்பர்ட்டுக்குக் கிடையாது. ஆகவே சாப்பாட்டு அறையில் கூட்டம் போட்டார். மூன்று பெட்டி டோனட் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வரி கட்டவேண்டிய உங்க வருமானம் இப்ப நாப்பத்தெட்டாயிரத்துல நிக்குது. பன்னெண்டு சதவீத வரி அடுக்கு. இன்னும் ஐந்நூறு ஏறிச்சுன்னா கோட்டைத் தாண்டிருவீங்க. அடுத்த அடுக்கு இருபத்திரண்டு! யோசிச்சுப் பாருங்க."

யாரும் யோசிக்கவில்லை. நேரடியாகப் பயந்தார்கள்.

"மொத்தத்துக்கும் இருபத்திரண்டா?" என்றான் பொட்டலம் கட்டும் ரஸ் ட்வெட்டன்.

டெல்பர்ட் ஆமாம் என்று சொல்லவில்லை. பொய் அவர் கொள்கைக்கு விரோதம். பெருமூச்சு மட்டும் விட்டார்.

"எங்க மச்சானும் அப்படித்தான் போனான், டெல். சம்பளம் ஏறிச்சு, மீன்பிடிப் படகை வித்துட்டான்," என்றான் ரஸ்.

"சீட்டாடித் தோத்துதான் வித்தான்னு உன் பொண்டாட்டி சொன்னாளே?" என்றாள் ஆர்லீன் ஸ்வோபோதா.

"அதுவும்தான்," என்றான் ரஸ்.

டெல்பர்ட் ஒரு தாளை எடுத்தார். 'சம்பள உயர்வுத் துயர் தவிர்ப்பு விண்ணப்பம்.' உயர்வு வேண்டாமென்று தொழிலாளிகள் 'தாங்களாகவே' கெஞ்சுவதாக அதில் எழுதியிருந்தது. முப்பத்தெட்டுக் கையெழுத்தும் விழுந்தால்தான் கருணை செல்லுபடியாகும்.

முப்பத்தேழு விழுந்தன. சிலர் கண் கலங்கியே போட்டார்கள்.

ஆர்லீன் மட்டும் ஒரு நாள் தவணை கேட்டாள். நவம்பரிலேயே அவள் வீட்டு ஹீட்டர் செத்துவிட்டது. மகள் ஹேஸல் கையுறையோடு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த உயர்வை நம்பித்தான் ஆர்லீன் புது ஹீட்டருக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். டெல்பர்ட் பேனாவோடு நின்றார்.

"உன் ஒருத்தியால முப்பத்தேழு குடும்பம் நடுத்தெருவுக்கு வரணுமா? அடுக்குமா இது?" என்றான் ரஸ்.

"அடுக்கைப் பத்திதான் படிச்சிட்டு வந்தேன்," என்றாள் ஆர்லீன். இடைவேளை தொடங்கியதும் நூலகத்துக்கு ஓடி, இலவச வரிக் கையேட்டை எடுத்து வந்திருந்தாள். அவள் வேலை, சீஸை ஊறவைக்கும் உப்புநீர்த் தொட்டியில். வேறு உதாரணம் அவளுக்குத் தெரியாது.

"ரஸ், முதல் தொட்டி நிரம்பி வழியுது. வழியறது ரெண்டாவது தொட்டிக்குப் போகுது. ரெண்டாவதுல உப்பு ஜாஸ்தி. அதுக்காக முதல் தொட்டியில கிடக்கற சீஸ் கரிக்குமா?"

"அதெப்படிக் கரிக்கும்? கிறுக்கா உனக்கு?"

"வரியும் அவ்வளவுதான்யா. கோட்டுக்குக் கீழ இருக்கறதுக்குப் பழைய வரிதான். வழியற பணத்துக்கு மட்டும் இருபத்திரண்டு. ஆயிரத்தைந்நூறுல முதல் ஐந்நூறுக்கு அறுபது டாலர். மீதி ஆயிரத்துக்கு இருநூத்தி இருபது. மாநில வரி, அது இதுன்னு இன்னும் கொஞ்சம் கடிக்கும். அப்பவும் ஆயிரத்துக்குக் குறையாம கையில நிக்கும்."

முப்பத்தேழு முகங்களும் தொங்கிப்போயின. அந்த ஊரில் அப்படி முகங்கள் தொங்குவது கால்பந்தில் தோற்றால்தான்.

டெல்பர்ட் கலங்கவில்லை. "எண்களுக்கு இதயம் கிடையாது, ஆர்லீன். நிர்வாகம் எவ்வளவு தியாகம் பண்ணுது தெரியுமா? நீங்க வேண்டாம்னு ஒதுக்கற பணத்துல இருபதாயிரத்தை என் தலையில கட்டப் போறாங்க. நிர்வாகச் சிக்கனத்துக்கு ஊக்கத்தொகையாம். நான் கேக்கவேயில்ல."

"ஐயையோ! அப்ப நீங்களும் கோட்டைத் தாண்டுவீங்களா?" என்றாள் ஆர்லீன்.

"தாண்டணும். இருபத்தி நாலு சதவீதம். என்ன பண்றது, உங்களுக்காகச் சுமக்கறேன்."

ஆர்லீனுக்கு மனம் இளகிவிட்டது. விண்ணப்பத்தை வாங்கினாள். தொழிலாளிகள் என்ற சொல்லை அடித்து, மேலாளர் என்று எழுதினாள். கீழே டெல்பர்ட்டின் பெயரை அழகாக எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

"போடுங்க டெல். தப்பிச்சுக்கோங்க."

"ஆமாங்க, போடுங்க," என்றான் ரஸ். அவனுக்கு இப்போதுதான் உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. முப்பத்தேழு பேர் முப்பத்தேழு பேனாக்களை நீட்டினார்கள்.

டெல்பர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது என்றார்.

ஆக, அந்தத் தொழிற்சாலையில் கையெழுத்துப் போடாதவர்கள் இரண்டே பேர். அன்று மதியம் கணக்கைக் கற்றுக்கொண்ட ஆர்லீன் ஒருத்தி. முதல் டோனட் பெட்டியைத் திறக்கும் முன்பே அதைத் தெரிந்துவைத்திருந்த டெல்பர்ட் இன்னொருவர்.