நல்லி சார்

கறியே தின்னாமல் கறிக்கடையில் வாராவாரம் வரிசையில் நின்ற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் முகப்பேர் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். பெயர் என்னவோ இருந்தது. எங்களுக்கு அவர் நல்லி சார்.

நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றனவாம். ஒருவரிடம் எடுத்து இன்னொருவருக்கு ஏற்றினால் உயிர் பிழைக்குமாம். எண்பதுகளில் அதை நம்ப எங்கள் பிளாக்கில் ஆள் இல்லை. அவரோ எலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுக்க வீட்டிலும் பழகுவதற்காக ஞாயிறு காலை காதர் பாய் கடைக்கு வந்துவிடுவார்.

"பாய், நல்லி எலும்பு. உடைக்காம குடுங்க."

"ஒடச்சாத்தானே சார் சூப்புல எறங்கும்?"

"சூப்புக்கு இல்ல. ஊசி போட்டு எடுக்கணும்."

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "செத்த ஆட்டுக்கு ஊசி போடற மொத ஆளு நீதான் சார்."

யாரைப் பார்த்தாலும் சார் கேட்கும் முதல் கேள்வி, "கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?" ஆறு பேர் என்றால் கையைப் பிடித்துக் குலுக்குவார். ஒற்றைப் பிள்ளை என்றால் துக்கம் விசாரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். மஜ்ஜை பொருந்த உடன்பிறந்தவர்தான் நல்ல வாய்ப்பாம். என் கல்யாண வரவேற்பில் மேடையேறி, "ரெண்டோட நிறுத்திடாதீங்க" என்று வாழ்த்தினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸம்மா அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

காதர் பாய்க்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான். சலீம், அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு லேத் ஓட்டியவன். ஒரு ஞாயிறு கடையில் அவன் கையில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்ததை சார் பார்த்துவிட்டார். நல்லியை மறந்தார். "எங்கடா இடிச்சுக்கிட்ட?" "எங்கயும் இல்ல சார், தானா வருது." அந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனார். மஜ்ஜை வற்றிவிட்டது என்றார்கள். அண்ணன் ரத்தத்தைச் சோதித்தார்கள். பொருந்தியது.

இருபது வருஷமாக எலும்பு வெட்டிய காதர் பாய் கல்லாவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"இன்னா சார், நான் ஆட்டுக்குப் பண்றத நீ எனக்குப் பண்ணப் போறியா?"

"வெட்டெல்லாம் கிடையாது பாய். மயக்கம் குடுத்து இடுப்பெலும்புல ஊசி. எடுத்தது மறுபடி ஊறிடும்."

"நீ சொல்லுவ. குத்துனா தெரியும்!"

சார் ஒரு நொடி யோசித்தார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் திரும்பி நின்று, சட்டையைத் தூக்கி, பேண்டை நாலு விரல் இறக்கினார். வரிசையில் நின்ற பெண்கள் கூடையோடு சிதறினார்கள். இடுப்புக்குப் பின்னால் சின்னச் சின்னத் தழும்புகள்.

"ஆராய்ச்சிக்கு என்னோடதையே மூணு தடவ எடுத்திருக்காங்க பாய். உயிரோடதானே இருக்கேன்?"

பாய் குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு ஏப்ரனை அவிழ்த்தார். "நட சார், போலாம்."

வெளியூர் ஆஸ்பத்திரியில்தான் மஜ்ஜை ஏற்றினார்கள். பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். சலீம் தனியறையில் கிடந்தான். புது மஜ்ஜை ஒட்டிக்கொள்ளுமா என்று காத்திருக்க வேண்டிய நாட்கள் அவை. பஸ் ஸ்டாப்பில் ஊரையே விசாரிக்கும் நல்லி சார் யாரிடமும் கூடப்பிறந்தவர் கணக்குக் கேட்கவில்லை. தினமும் காலையில் எஸ்.டி.டி. பூத்தில் நிற்பார், போன் பேசிவிட்டுத் தலையைக் குனிந்தபடி போவார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் பூத்திலிருந்து பாய்ந்து வந்தார். "புடிச்சிருச்சு! புடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினார். நாலு பேர் தடியோடு அவர் பின்னால் ஓடினார்கள். "எங்க சார் திருடன்?"

"மஜ்ஜைய்யா! சலீமுக்கு மஜ்ஜை புடிச்சிருச்சு!"

பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து சாரைக் கட்டிக்கொண்டார். சாரின் வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தக்கறை. சார் அழுதது அப்போதுதான்.

இரண்டு வருஷத்தில் அவருக்கு வடக்கே வேலை கிடைத்தது. வீடு காலி செய்த அன்று, தேறி வந்திருந்த சலீம் ஒரு முனை, நான் ஒரு முனையாக ஸ்டீல் பீரோவை இறக்கினோம். சார் படிக்குப் படி பின்னாலேயே வந்தார். "மெதுவா, மெதுவாடா!" அவர் பீரோவுக்காகச் சொல்லவில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். என் கண்ணிலிருந்து ஏதோ வழிந்தது. கை இரண்டும் பீரோவில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.