பெருங்காதன் தொடாமல் வைத்த ஞாபகம்

ஒரு காட்டில் பெருங்காதன் என்றொரு யானை இருந்தான். தன் மனைவி வடிவாச்சியை அவன் கடைசியாக உயிரோடு பார்த்த காலையில், அவன் வாய் நிறைய மூங்கில் இருந்தது.

"ஓடை வத்திப்போச்சுன்னா மலைச்சுனைக்குப் போகணும். வழி சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க" என்றாள் அவள். சொன்னாள். இவன் "உம், உம்" என்றான். அன்று மத்தியானம் அவள் சரிவில் விழுந்து இறந்துபோனாள். இருபது வருஷமாக ஓடை வற்றியதில்லை. அதனால் கூட்டத்தில் வேறு யாருக்கும் சுனைக்கு வழி தெரியாது.

யானைக்கு மறதி கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். பெருங்காதனுக்கு அது போதவில்லை. ஞாபகத்தைப் பாதுகாப்பது எப்படி என்று முறையாகக் கற்க விரும்பினான். குரங்கு எழுதிய 'முப்பது நாளில் முழு மூளை' புத்தகத்தைப் படித்தான். பிறகு மைனாவின் பாட்காஸ்ட் கேட்கத் தொடங்கினான். அவன் காதுக்கு ஏற்ற இயர்போன் காட்டில் இல்லை. இரண்டு பலாப்பழங்களைக் குடைந்து மாட்டிக்கொண்டான்.

பதினேழாவது பகுதியில் மைனா சொன்னது: "நண்பர்களே, ஒரு ஞாபகத்தை வெளிய எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மாறிடுது. திரும்ப உள்ள வைக்கும்போது பழைய மாதிரி இருக்காது. இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவது, கரடியார் கொம்புத்தேன்!"

பெருங்காதன் நடுங்கிப்போனான். அன்றிலிருந்து அந்த வழியை அவன் நினைக்கவே இல்லை. வடிவாச்சியையும் நினைக்கவில்லை. அவளை நினைத்தால் வழியும் கூடவே வந்துவிடுமே.

மாசியில் ஓடை மெலிந்தது. மைத்துனி செம்பாயி வந்து நின்றாள்.

"மச்சான், அக்கா சொன்ன வழி எது?"

"கேக்காதே! தொட்டா கெட்டுடும். தலைக்குள்ள கடல்குதிரை மாதிரி ஒரு உறுப்பு இருக்கு. அதுல பத்திரமா வச்சிருக்கேன்."

"கடல்குதிரைக்கும் தண்ணி வேணுமே மச்சான்."

"உனக்கு விஞ்ஞானம் புரியாது, போ."

சித்திரையில் ஓடையில் கல் மட்டும் கிடந்தது. கூட்டம் முழுவதும் நாக்கு வறண்டு அவன் முன்னால் வந்து நின்றது. பெருங்காதன் பலாப்பழங்களைக் கழற்றினான். கண்ணை மூடினான். அந்த ஞாபகத்தை முதல் முறையாகத் திறந்தான்.

"கரடியார் கொம்புத்தேன்" என்றான். "முதல் நூறு பேருக்கு அரைப்படி இலவசம்."

"வழி, மச்சான், வழி!"

மறுபடி முயன்றான். மூங்கிலின் ருசி வந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. வடிவாச்சியின் முகம்கூட வரவில்லை.

அப்போது ஒரு காட்டுப்பன்றி அந்தப் பக்கமாக வந்தது. அதன் உடம்பெல்லாம் ஈரச் சேறு.

"அடேய், உனக்கு மட்டும் சேறு ஏது?" என்றாள் செம்பாயி.

"சுனைச் சேறுங்க. ஒருநாள் வடிவாச்சியக்கா கூட்டிட்டுப் போனாங்க. எனக்கு மறதி ஜாஸ்தி. அதனால தினமும் போறேன். போறப்பெல்லாம் அந்தக் கதையை எனக்கே சொல்லிக்குவேன். அடேயப்பா, அக்கா என்ன அழகு! நீல உடம்பு, நாலு கொம்பு! வழி தெரியாம என்கிட்டதான் கேட்டாங்க."

பெருங்காதன் பிளிறினான். "அவளுக்குக் கொம்பே கிடையாதுடா! நெனச்சு நெனச்சு எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கே. மைனா சொன்னது சரியாப் போச்சு!"

"சரிங்க. தண்ணி வேணுமா, வேணாமா?"

கூட்டம் பன்றியின் பின்னால் போனது. சுனை இருந்தது.

எல்லோரும் குடித்த பிறகு பெருங்காதன் குடித்தான். வெகுநேரம் குடித்தான். பிறகு பன்றியின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான். "நாலு கொம்புன்னியே, எல்லாம் ஒரே நீளமா?"

"முன்னாடி ரெண்டும் நீளம்ங்க."

"ஆமா" என்றான் பெருங்காதன். "முன்னாடி ரெண்டும் நீளம்தான்."

நீதி: மூளையைப் பற்றி நன்றாகப் படித்தவரிடம் வழி கேட்காதீர்கள். பொய் சொல்கிறவரிடம் கேளுங்கள். அவர் தினமும் போய்வருகிறார். சுனையில் இன்னும் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கிறது.