மெக்கானிக்குக்கு நான் எழுதின மறுப்பு

இந்த மாசம் முப்பதாம் தேதி, சாயங்காலம் நாலு மணிக்கு, என் கைடோட மேஜை மேல ஒரு வால்வு ரேடியோவ வச்சு, பாட விட்டு, ஒரு வார்த்தை பேசாம திரும்பி வந்துடணும்னு முடிவு பண்ணினேன். இதுல ஒரு வார்த்தை பேசாம வர்றதுதான் கஷ்டமான பகுதி. மத்ததெல்லாம் வெறும் மின்சாரம்.

காரணத்தச் சொல்லிடறேன். நியாயம் யார் பக்கம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. என் பக்கம்தான்.

நான் ஆராய்ச்சி மாணவன். ஆறாவது வருஷம். சுவத்துல இருந்து வர்ற கரண்ட்டு அலை அலையா வரும். ரேடியோவுக்கு வேண்டியது நேரா ஓடுற கரண்ட்டு. அலைய நேராக்குறதுதான் பவர் சப்ளையோட வேலை. எவ்வளவு நேராக்கினாலும் கொஞ்சம் அலை மிச்சம் நிக்கும், அதுதான் ஸ்பீக்கர்ல உறுமலா கேக்கும். அந்த மிச்சத்தப் பத்திதான் ஆறு வருஷமா யோசிக்கிறேன். நாலாவது அத்தியாயம் மட்டும் பாக்கி. முப்பதாம் தேதிக்குள்ள குடுக்கலைன்னா பதிவு ரத்து. ஆறு வருஷமும் தண்ணியில.

அத்தியாயத்தப் போன மாசமே குடுத்தேன். நாப்பத்தெட்டு பக்கம். எல்லாம் சமன்பாடு. கைடு அதத் திருப்பி அனுப்பினார், முதல் பக்கத்து ஓரத்துல பச்சை மையில மூணே வார்த்தையோட: "எதையாவது அளந்து பார்த்தாயா?"

நாப்பத்தெட்டு பக்கத்துக்கு மூணு வார்த்தை. நிலாவோட எடைய யாரு தராசுல வச்சுப் பாத்தாங்க?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். "அவர் மன்னிப்பு கேக்குற வரைக்கும் அந்த அத்தியாயத்துல ஒரு வரி எழுத மாட்டேன்."

"சரிங்க"ன்னா.

என்னை இந்த உலகத்துல பயமுறுத்துற ஒரே வார்த்தை அந்த 'சரிங்க'தான். அன்னைக்குக் கோவத்துல பயப்பட மறந்துட்டேன்.

அவ ஒரு டிரான்ஸ்பார்மர் பட்டறையில காயில் சுத்துறா. நாள் முழுக்க செம்புக் கம்பி. அந்தக் கம்பிக்குள்ள என்ன ஓடுதுங்கிற தத்துவம் என் துறை. வீட்டுல இந்த வேலைப் பிரிவினைய நான்தான் ஏற்படுத்தினேன். அவளக் கேக்கல.

மறுநாள் பட்டறையில இருந்து ஒரு ரேடியோவத் தூக்கிட்டு வந்தா. மரப்பெட்டி, முன்னாடி துணி, பின்னாடி வால்வு. ஒரு கோழிக்கூண்டு அளவு.

"யாரோ டிரான்ஸ்பார்மர் கட்டக் குடுத்தாங்க. கட்டி ஒரு வருஷமாச்சு. வாங்க வரல. முதலாளி தூக்கிப் போடச் சொல்லிட்டார்."

"பாடுமா?"

"பவர் சப்ளை செத்துக் கிடக்கு. உங்களால முடியாதுங்க. எடைக்குப் போட்டுடலாம்."

"என்னால முடியாதா?"

"நீங்க படிச்சவங்க. இதுக்குக் கைவேலை வேணும்."

இதுக்கு அப்புறமும் சும்மா இருந்தா நான் மனுஷனே இல்ல. அந்த நிமிஷத்துலதான் முப்பதாம் தேதி, கைடோட மேஜை, நாலு மணி, எல்லாம் என் மனசுல வரிசையா வந்து நின்னுச்சு.

ரேடியோவ மேஜை மேல வச்சேன். பிளக்கைச் சொருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

முதல்ல ஒரு சீறல். அப்புறம் ஒரு டமார். கரண்ட்டத் தேக்கி வச்சு அலைய நேராக்குற கண்டன்சர் வாயப் பொளந்து சட்டை மேல துப்பிச்சு. வீடு இருட்டாச்சு. பக்கத்து வீட்டு அக்கா கதவத் தட்டினாங்க.

"தம்பி, எங்க வீட்டுலயும் கரண்ட்டு போயிடுச்சு. ஒரு கை இஸ்திரி போட்டேன், இன்னொரு கை சுருங்கியே கெடக்கு."

"அக்கா, இது ஒரு சோதனை."

"ஆமா தம்பி. எங்களுக்கு."

சாயங்காலம் என் வீட்டுக்காரி வந்து வாசல்லயே மோந்து பாத்தா. "சீரீஸ் பல்பு போடாம நேரா ஆன் பண்ணிட்டீங்களா?"

"அதெல்லாம் மெக்கானிக்குங்க பழக்கம்."

"அப்ப ஒரு மெக்கானிக்கையே கேளுங்களேன். எங்க பட்டறைக்கு எதிர்ல ஒருத்தர் இருக்கார். வீட்டுக்கெல்லாம் வர மாட்டார். சந்தேகத்த எழுதிக் குடுங்க, நான் வாங்கிட்டு வரேன்."

"நான் அவர்கிட்ட சந்தேகம் கேக்குறதா?"

"கேக்க வேணாங்க. நிலவரம் இதுன்னு தகவல் குடுங்க."

"உன்னையே கேக்கலாம். ஆனா நீ சுத்துறவ. இது சுத்துன கம்பிக்கு அந்தாண்ட இருக்கிற விஷயம்."

"ஆமாங்க. எனக்கென்ன தெரியும்."

தகவல் குடுத்தேன். அடுத்த நாள் சீட்டு வந்துச்சு. கையெழுத்து கோணல் மாணல்.

"தம்பி, நூறு வாட்ஸ் பல்ப லைனோட வரிசையில மாட்டி, அது வழியா ரேடியோவுக்குக் கரண்ட்டு குடு. பல்பு பளிச்சுன்னே நின்னா உள்ள ஷார்ட்டு. ஒரு தடவ எரிஞ்சு மங்கினா பொழச்ச. படிச்சவன் இதச் செய்ய மாட்டான்னு எனக்குத் தெரியும்."

செஞ்சேன். அவர் சொன்னதுக்காக இல்ல, அந்தக் கடைசி வரிய அவர் முகத்துலயே திருப்பி அடிக்கிறதுக்காக. புது கண்டன்சர் வச்சு, ஈயம் உருக்கி, பல்பு மாட்டி, தூரமா நின்னு சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிஞ்சு மங்கிச்சு. வால்வுக்குள்ள மெதுவா சிவப்பு ஏறிச்சு. ஸ்பீக்கர்ல உசுரு வந்துச்சு. ஆனா பாட்டு வரல. உறுமல் வந்துச்சு. தூங்குற எருமைய எழுப்பிவிட்ட மாதிரி.

தகவல் குடுத்தேன். சீட்டு வந்துச்சு.

"பெரிய கண்டன்சரா போடு. பெருசாகப் பெருசாக நல்லதுதான். இதுக்கெல்லாம் எதுக்குக் கணக்கு?"

படிச்சப்ப என் காது சூடாச்சு. கண்டன்சர் அளவுக்கு மீறி பெருசானா, அது ஒவ்வொரு தடவ நிரம்பும்போதும் வால்வுல இருந்து ஒரே மடக்குல கரண்ட்ட உறிஞ்சும். வால்வு செத்துப்போகும். இது சின்ன விஷயமா? ஒரு மனுஷன் கடையத் தொறந்து வச்சு, தெருவுக்கே இப்படி ஒரு பொய்யச் சொல்லிக்கிட்டு இருக்கான். சமூகப் பொறுப்புன்னு ஒண்ணு இல்லையா?

பதினோரு பக்கம் எழுதினேன். முதல் ரெண்டு பக்கம் அவரோட மண்டையப் பத்தி. மீதி ஒன்பது கண்டன்சரப் பத்தி.

"இவ்வளவையும் அவர் படிப்பாராங்க?"

"படிக்கணும். குடு."

படிச்சார் போல. சீட்டு: "பேப்பர்ல சரிதான். மீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு?"

கைடுக்கும் இந்த ஆளுக்கும் ஏதோ சொந்தம் இருக்கணும்னு நெனச்சேன். மீட்டர் இல்லைன்னு எழுதினேன். அன்னைக்கே மீட்டர் வந்துச்சு, கூடவே அஞ்சு அளவுல அஞ்சு கண்டன்சர். "அவர் குடுத்தனுப்பினாருங்க"ன்னா.

அளந்தேன். அஞ்சு கண்டன்சர், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு தடவ. கட்டம் போட்டு எழுதினேன், அவருக்குக் கட்டம் போட்டாதான் புரியும்னு. பாதி வழியில ஒரு விஷயம் உறுத்துச்சு. என் கணக்குல வந்த வோல்ட்டு ஒண்ணு. மீட்டர் காட்டினது அதவிட இருபது வோல்ட்டு கம்மி. எந்தக் கண்டன்சர் மாட்டினாலும் அதே கம்மி. அது மட்டும் இல்ல. ஆன் பண்ணினதும் ஒரு அளவு, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னும் கொஞ்சம் கொறச்சலா ஒரு அளவு.

ரெண்டு நாள் யார்கிட்டயும் சண்டை போடல. பக்கத்து வீட்டு அக்கா வந்து உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. ஆறு வருஷமா எழுதின சமன்பாடு தப்பா இருக்குமோன்னு எனக்கு முதல் தடவையா பயம் வந்துச்சு. சோறு எறங்கல.

என் வீட்டுக்காரி தட்டைத் தள்ளி வச்சுட்டு, ரேடியோவோட டிரான்ஸ்பார்மர விரலால தொட்டுப் பாத்தா. "சூடா இருக்கு. கம்பி சூடானா கரண்ட்டு ஓடக் கஷ்டப்படும். எங்க பட்டறையில இதுக்காகவே ஆறவிட்டுத்தான் அளப்போம்"னு சொல்லிட்டு, துணி காயப்போடப் போயிட்டா.

கம்பியோட தடை. அத நான் கணக்குல சேக்கவே இல்ல. என் சமன்பாட்டுல டிரான்ஸ்பார்மருங்கிறது ஒரு வட்டம், பக்கத்துல இன்னொரு வட்டம். அதுக்குள்ள யாரோ ஒருத்தர் கையால சுத்தின கம்பி மைல் கணக்குல இருக்குங்கிறது எனக்குத் தோணவே இல்ல.

சேத்தேன். இருபது வோல்ட்டும் வந்து உக்காந்துச்சு. உடனே மெக்கானிக்குக்கு எழுதினேன்: "கம்பியோட தடைய நான் கண்டுபிடிச்சிருக்கேன்."

இருபத்தெட்டாம் தேதி பதில் வந்துச்சு. "தம்பி, நீ எழுதினது எல்லாம் சரி. ஆனா இதுல புதுசா ஒண்ணுமே இல்ல. எங்களுக்கு எப்பவோ தெரியும்."

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அன்னைக்கு நான் குளிக்கல. இதுல என்ன புதுசு, எதுக்குப் புதுசு, எனக்கு முன்னாடி யாரு எங்க கோட்டை விட்டாங்க, எல்லாத்தையும் எண் போட்டு ஒன்பது பக்கம் எழுதினேன். கடைசியில, "இதற்கு மேல் உமக்குச் சொல்ல எதுவும் இல்லை"ன்னு செந்தமிழ்ல முடிச்சேன். கோவம் எல்லை மீறினா எனக்கு இலக்கணம் சுத்தமாயிடும்.

"இத்தோட முடிஞ்சதுங்களா?"ன்னு கேட்டா.

"முடிஞ்சுது. இனி அந்த ஆளுக்கு ஒரு எழுத்து கிடையாது."

"சரிங்க."

முப்பதாம் தேதி வந்துச்சு. ரேடியோ இப்ப பாடுது, ஆனா முந்தின ராத்திரி கேட்டப்பவும் பாட்டுக்கு அடியில உறுமல் இருந்துச்சு. பரவால்லன்னு தூக்கினேன். தோள் கழண்டுச்சு. போற வழியிலதான் அந்தக் கடை. எழுத்துதானே கிடையாதுன்னு சொன்னேன், பேச்சு கிடையாதுன்னு சொல்லலையே. உள்ள போனேன்.

மூக்குக் கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு ஒருத்தர் செல்போன் சார்ஜரப் பிரிச்சுக்கிட்டு இருந்தார்.

"நான்தான்"னேன்.

"எந்த நான்?"

"மறுப்பு எழுதினவன்."

"எத மறுத்தீங்க?"

"உங்க சீட்டை. பெருசாகப் பெருசாக நல்லதுன்னு எழுதினீங்களே."

"தம்பி, நான் பேனா பிடிச்சே பல வருஷம் ஆச்சு. யாருக்கும் ஒண்ணும் எழுதல. இந்த ரேடியோவா? எதிர் பட்டறை அம்மா இதுக்குன்னு கண்டன்சர் வாங்கிட்டுப் போச்சு. பெருசா போடட்டுமான்னு நான்தான் கேட்டேன். வேணாம், வால்வு தாங்காதுன்னு அதுதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு."

நான் ஸ்டூல்ல உக்காந்துட்டேன். கல்யாணமாகி நாலு வருஷம். என் வீட்டுக்காரியோட கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. வீட்டுல எழுதுறது நான், செய்யுறது அவ, இப்படி ஒரு ஏற்பாடு.

உறுமல் மட்டும் நிக்கலைன்னேன். அவர் ரேடியோவ பிளக்குல மாட்டினார். பாடிச்சு.

"எங்க உறுமுது?"

உறுமல. நேத்து வரைக்கும் உறுமிச்சு. திருப்பிப் போட்டுப் பாத்தோம். அடியில நான் வச்ச ஈயம் எல்லாம் காக்கா எச்சம் மாதிரி திட்டுத் திட்டா இருந்துச்சு. நடுவுல, உறுமலுக்குக் காரணமான ஒரே ஒரு எர்த் கம்பியில மட்டும் முத்து மாதிரி ஒரு புது ஈயப் பத்து. காலையில நான் குளிக்கப் போன நேரத்துல வச்சிருக்கணும். ஒரு மாசமா எந்த நாள் வேணும்னாலும் வச்சிருக்கலாம்.

"யாரு வச்சா இத?"ன்னு மெக்கானிக் மரியாதையா கேட்டார்.

ரேடியோவத் தூக்கிக்கிட்டு டிபார்ட்மென்ட்டுக்கு நடந்தேன். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் பாக்கி. கைடு ரூமுக்கு வெளிய பெஞ்சுல என் வீட்டுக்காரி உக்காந்திருந்தா. மடியில ஒரு ஃபைல்.

"பட்டறைக்குப் போகலையா?"

"அரை நாள் லீவு. உக்காருங்க, கனமா இருக்கும்."

ஃபைலைத் தொறந்தேன். நாலாவது அத்தியாயம். டைப் அடிச்சு, கட்டம் போட்டு. நான் எழுதின பதினோரு பக்க மறுப்பு இருந்துச்சு, அளவுங்க இருந்துச்சு, கம்பியோட தடை இருந்துச்சு. கடைசியா எழுதின ஒன்பது பக்கத்துக்கு 'முடிவுரை'ன்னு தலைப்பு.

"மதியச் சாப்பாட்டு நேரத்துல அடிச்சேங்க. திட்டினத எல்லாம் எடுத்துட்டேன். அதுலயே நாலு பக்கம் கொறஞ்சுடுச்சு. நேத்தே ஒரு காப்பிய உங்க கைடுகிட்ட குடுத்துட்டேன்."

"இது மோசடி."

"எது? எழுதினது நீங்க. அளந்தது நீங்க."

"கேட்டது நீ."

"நான் காயில் சுத்துறவங்க."

கதவு தொறந்துச்சு. கைடு எட்டிப் பாத்தார். ரேடியோவப் பாத்தார், என்னைப் பாத்தார். நான் வாயத் தொறந்தேன். ஒண்ணும் வரல. இந்த ஒரு பகுதி மட்டும் திட்டப்படி நடந்துச்சு.

"படிச்சேன்"னார். "முதல் தடவையா ஒரு பொருளத் தொட்டவன் எழுதின மாதிரி இருக்கு. இதுக்குப் பின்னாடி யாரோ சரியா கேள்வி கேட்டிருக்காங்க. நன்றியுரை மட்டும் பாக்கி. அத வச்சு அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுத்துடு." கதவு சாத்திடுச்சு.

நான் அந்தப் பெஞ்சுலயே உறைஞ்சு உக்காந்துட்டேன். இனி ஒரு எழுத்துகூட என் கையில இருந்து வராது. இது மான விஷயம். அவகிட்டயும் அதத்தான் சொன்னேன்.

"நீங்க எழுத வேணாங்க. நானே ஒரு வரி அடிச்சு வச்சிருக்கேன். அப்படியே இருக்கட்டும்"னு கடைசிப் பக்கத்தத் திருப்பிக் காட்டினா.

'இந்த ஆய்வில் என் மனைவிக்கு எந்தப் பங்கும் இல்லை.'

அப்பட்டமான பொய். ஆதாரமே இல்லாத வாக்கியம். பேனாவக் குடுன்னு கைய நீட்டினேன்.

அவ ஏற்கெனவே மூடியக் கழட்டி வச்சிருந்தா.