போதும் மேஸ்திரியின் ஒன்றரை இன்ச்

கேட்டதைவிடக் குறைவாகச் செய்து கொடுத்துவிட்டு, அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஜீப் மெக்கானிக் இந்தியாவிலேயே ஒருவர்தான். எங்கள் சக்குபள்ளத்துப் போதும் மேஸ்திரி. டீக்கடையில் கிளாஸ் பாதி நிறைவதற்குள் "போதும்" என்பார். மலையாளிகளிடம் "மதி". முடிவெட்டப் போனால் இடப்பக்கம் முடிந்ததும் எழுந்துவிடுவார். தன் கல்யாணத்தில் தாலிக்கு இரண்டு முடிச்சு போட்டதும் "போதும்" என்று கையை எடுத்துவிட்டார், மூன்றாவதை அவர் அக்காதான் போட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் மனைவி இதை மறுப்பதில்லை.

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஒரு வார லீவில் ஊருக்கு வந்தபோது அப்பாவின் ஜீப் சிக்கலில் இருந்தது. ஏலக்காய் எடுக்கும் பெண்கள் ஒன்பது பேரை மலைமேல் எஸ்டேட்டுக்கு ஏற்றிப்போவது அவர் தொழில். மழையில் பாதை அரித்து, நடுவில் ஒரு பாறை முதுகைக் காட்டிவிட்டது. முன்சக்கரம் தாண்டியதும் ஜீப்பின் வயிறு பாறைமேல் உட்கார்ந்துகொள்ளும்; பெண்கள் இறங்கித் தள்ள வேண்டும். இதற்குள் பக்கத்து வளைவில் ஜீப் ஓட்டும் ரெஜி தன் வண்டியின் உயரத்தை நான்கு இன்ச் தூக்கிவிட்டான். சனிக்கிழமை இரண்டு வண்டியும் ஏறிக் காட்டட்டும், ஆட்களை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கிற வண்டிக்குத்தான் இந்த சீசன் ஓட்டம் என்று எஸ்டேட் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"நாம அஞ்சு இஞ்சு தூக்கிருவோம்," என்றார் அப்பா.

நான் பாறையை அளந்து பட்டியல் போட்டேன். ஒன்று: வயிறு தப்ப ஒன்றேகால் இன்ச் வேண்டும். இரண்டு: அதிகம் தூக்கினால் வளைவில் வண்டி சாயும். இப்படிப் பதினோரு வரிகள் எழுதி, பாதுகாப்புக்காக இரண்டரை இன்ச் என்று முடித்திருந்தேன். மேஸ்திரி முதல் வரியைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"போதும் ஆத்தா. மிச்சத்த நீயே வச்சுக்க." பிறகு அப்பாவைப் பார்த்தார். "அஞ்சு இஞ்சா? ஏணி வாங்கிட்டியாப்பா?"

மறுநாள் ஒன்பது பெண்களையும் சாக்குப்பையோடு ஒர்க்‌ஷாப்புக்கு வரச் சொன்னார். பின்சக்கரங்களுக்கு அடியில் முக்கால் இன்ச் பலகை வைத்து ஏறச் சொன்னார். ஏறினார்கள். இரண்டாவது பலகை வைத்தார். அதற்கும் ஏறினார்கள். மூன்றாவதற்கு, எல்லோரிலும் குள்ளமான முத்தம்மாக்கா கம்பியைப் பிடித்தபடி தரையிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் மேஸ்திரி, நான் ஜீப்புல ஏறவா, தென்னமரத்துல ஏறவா?"

"போதும்," என்று மூன்றாவது பலகையை உருவினார் மேஸ்திரி. "ஒன்றர இஞ்சு."

என் கணக்குக்கும் முத்தம்மாக்காவின் முழங்காலுக்கும் நடுவே கால் இன்ச். இவ்வளவு துல்லியமான வடிவமைப்பு எல்லையை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை. தாளில் இருந்த இரண்டரையை நானே அடித்துவிட்டேன்.

வண்டியைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு இரும்புப் பட்டை கூடியது. அப்பா வண்டியை மூன்று முறை சுற்றிவந்தார்.

"தூக்குன மாதிரியே தெரியலயே?"

"எதுக்குத் தெரியணும்? மாப்பிள்ள ஊர்வலமா போற?"

சனிக்கிழமை முதலில் ரெஜி. பெண்களுக்கு எட்டவில்லை என்று பின்னால் தாழ்வாக ஒரு படி வெல்டிங் செய்திருந்தான். ஜீப் பாறையைக் கம்பீரமாகத் தாண்டியது. படி தாண்டவில்லை, பாறையோடு தங்கிவிட்டது. அடுத்த வளைவில் வண்டி ஆடிய ஆட்டத்தில் பெண்கள் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினான். இறங்கத்தான் வழியில்லை.

"மோனே ரெஜி," என்றார் முத்தம்மாக்கா உள்ளிருந்தே, "ஏணி எடுத்துட்டு வா. நாங்க எங்கயும் போயிற மாட்டோம்."

ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கி, கீழே நடத்திக் கூட்டிவர அரைமணி ஆனது.

அடுத்தது நாங்கள்; ஓட்டியது அப்பா. ஒன்பது பேரும் பேச்சை நிறுத்தாமலே ஏறி உட்கார்ந்தார்கள். நான் பாறைக்குப் பக்கத்தில் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டேன். முன்சக்கரம் தாண்டியது. ஜீப்பின் வயிறு இறங்கி இறங்கி வந்தது. பாறைக்கும் அதற்கும் நடுவே சுண்டுவிரல் தடிமனில் பாதியளவு வெளிச்சம். அந்த வெளிச்சம் அணையவே இல்லை. பின்சக்கரமும் தாண்டியது. வளைவில் வண்டி அசையாமல் திரும்பி மேலே போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

"போதும், போதும்," என்று மேஸ்திரி மலையைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர்கள் நிறுத்தவில்லை. சீசன் ஓட்டம் அப்பாவுக்கு.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்கு நின்றேன். கையில் கிரீஸோடு மேஸ்திரி வந்து பக்கத்தில் நின்றார்.

"எத்தன நாளு லீவுத்தா போட்ட?"

"ஒரு வாரம், மேஸ்திரி."

பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தாது," என்றார்.