ஆறு பாட்டில் பூந்திக்கொட்டைத் தண்ணீர்

"ஏங்க, பாட்டில் இருக்கு. லேபிள்தான் போக மாட்டேங்குது," என்றாள் கல்யாணசுந்தரி.

"சாம்பல் போட்டுத் தேய்," என்றார் சண்முகசுந்தரம்.

"தேய்ச்சாச்சு. சுரண்டியாச்சு. கடைசியா உங்க பூந்திக்கொட்டைத் தண்ணியையே ஊத்தியும் பார்த்தாச்சு. லேபிள் முன்னைவிடப் பளிச்சுன்னு இருக்கு."

சண்முகசுந்தரம் வந்து பார்த்தார். ஆறு பிராந்திப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொத்துத் திராட்சைப் படம் போட்ட லேபிள். அவருக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. காரைக்கால் பக்கம் பிராந்திப் பாட்டில் இல்லாத வீடு ஏது? குடிக்காதவன் வீட்டிலும் மண்ணெண்ணெய் வாங்க, நல்லெண்ணெய் வாங்க, தேன் ஊற்றி வைக்க அதுதான்.

"உள்ள இருக்குறதுதான் முக்கியம். ஊத்து," என்றார்.

உள்ளே போனது பாத்திரம் விளக்குவதற்கான அவருடைய சொந்தத் தயாரிப்பு. பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து, எலுமிச்சைத் தோலும் வெல்லமும் சேர்த்து, பத்து நாள் பானையில் வைத்திருந்து வடிகட்டியது. தேன் நிறத்தில் இருந்தது. திறந்தால் குப்பென்று ஒரு புளித்த வாடை வந்தது.

போன வருஷம் ஒரு இயற்கை வைத்திய முகாமில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்ததிலிருந்து மனுஷனுக்குப் பிடித்த கிறுக்கு இது. சோப்பு விஷம், பினாயில் விஷம், வெள்ளைச் சீனி விஷம், வனஸ்பதி பெரிய விஷம். பினாயிலுக்குப் பதிலாக மஞ்சள் தண்ணீரில் தரையைத் துடைக்கச் சொன்னார். அன்று முதல் அவர்கள் ஊரான குரும்பகரத்தில் அந்த வீட்டுக்காரர்களை உள்ளங்காலை வைத்தே அடையாளம் சொல்லலாம். கல்யாணசுந்தரி அரைக்கட்டி சோப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துக் குளித்து வந்தாள், பாவம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. மகள் அல்லிக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. முதலில் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி இல்லை, கொள்ளுக் கஞ்சி. இரண்டாவதாக வந்தவர்களுக்கு வேப்பம்பூக் கஷாயம். இரண்டு கூட்டமும் செருப்பை மாட்டிய வேகத்தைத் தெருவே பார்த்தது.

இப்போது நாகப்பட்டினம் முத்தையன் தானாகவே தரகர் தங்கையனை அனுப்பிப் பெண் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மதுவிலக்குக் கூட்டங்களில் மேடையேறிப் பேசுகிறவர். பையனுக்குக் கூட்டுறவு பேங்கில் வேலை. இன்றைக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டால், அல்லி கழுத்தில் தாலி ஏறிவிடும். பழம், பூவுக்குப் பதிலாக இந்த ஆறு பாட்டிலைத்தான் சீராகக் கொண்டுபோகப் போகிறார்.

"இதாவது நல்லபடியா முடியணும். அங்க போயி வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்று கல்யாணசுந்தரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பஸ் காரைக்கால் எல்லையான வாஞ்சூரில் நின்றது. அதைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே மதுவிலக்கு அமலில் இருந்த காலம். இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு மதுக்கடை. அந்தப் பக்கம் ஒரு சொட்டு வைத்திருந்தாலும் கேஸ். பஸ்ஸில் ஏறிய ஏட்டு, சண்முகசுந்தரத்தின் பையைத் தூக்கினார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

"என்ன சார் இது?"

"பாத்திரம் விளக்குற தண்ணிங்க."

ஏட்டு சிரித்தார். "இருமல் மருந்துன்னு கேட்டிருக்கேன். மூட்டு வலித் தைலம்னு கேட்டிருக்கேன். இது புதுசா இருக்கே. இறங்குங்க!"

கீழே இறங்கி மூடியைத் திறந்தார்கள். வாடை வந்ததும் ஏட்டின் புருவம் ஏறியது.

"நீங்களே பாருங்க, எப்படி நுரைக்குதுன்னு!" என்று சண்முகசுந்தரம் பாட்டிலைக் குலுக்கினார்.

"பீருந்தான் நுரைக்கும்."

"சந்தேகமா இருந்தா குடிச்சுப் பாருங்களேன்."

"டியூட்டியில நான் குடிக்கிறதில்ல. நீங்க குடிங்க. மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவேன், இருபது வருஷ சர்வீஸ்."

அல்லியை நினைத்துக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினார் சண்முகசுந்தரம். அடுத்த நொடி கண்கள் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்தன. தொண்டை எரிந்தது. மூக்கிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டுப் போயிற்று. வேலியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் ஓங்கரித்தார்.

"சரக்கு இல்ல," என்றார் ஏட்டு. "சரக்கு குடிச்சவன் மூஞ்சியில இவ்வளவு கஷ்டம் இருக்காது. போங்க சார்."

அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அவர் நாகப்பட்டினத்தில் இறங்கியபோது, அங்கே காத்திருந்த தங்கையன் தலையில் கை வைத்தார். சிவந்த கண், குழறும் நாக்கு, நனைந்த சட்டை, புளித்த வாடை.

"ஐயோ, இன்னைக்குப் போயா சார்?"

"நான் குதிக்கல தங்கையன்," என்றார் சண்முகசுந்தரம். நாக்கு தடித்துப் போயிருந்தது.

முத்தையன் வீட்டுக் கூடம் நிறைய உறவுக்காரர்கள். ஆரஞ்சு நிறத்தில் கேசரி வந்தது. மனைவியின் கும்பிடு மறந்துபோயிற்று.

"கலர்ப்பொடி... வெள்ளைச் சீனி... எல்லாம் வெசம்!" என்று தட்டைத் தள்ளினார். தள்ளிய தட்டு பையில் இடித்தது. பை சாய்ந்தது. ஒரு பாட்டில் உருண்டு உருண்டு நடுக்கூடத்தில் போய், திராட்சைக் கொத்து மேலே தெரிய நின்றது.

முத்தையன் எழுந்தார்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியில இருங்க. இவரும் தரகரும் மட்டும் இருக்கட்டும்," என்றார். கதவைத் தாழ் போட்டார். குனிந்து பாட்டிலை எடுத்தார். அவர் கை நடுங்கியதைப் பார்த்து, கோபம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார் சண்முகசுந்தரம்.

"மொத்தம் எத்தனை?" என்றார் முத்தையன், பல்லைக் கடித்த மாதிரி அடங்கிய குரலில்.

"ஆறுங்க. ஐயா, நீங்க நினைக்கிற மாதிரி இல்லீங்க! பூந்திக்கொட்டைங்க, பாத்திரம் விளக்குறது!"

சொன்னதோடு விடாமல், மாடத்தில் இருந்த பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து, பாட்டிலைக் கவிழ்த்து, துண்டால் தேய்தேய் என்று தேய்த்தார். கூடமெல்லாம் நுரை. விளக்கு தங்கமாய் மின்னியது.

"பார்த்தீங்களா? எங்க பரம்பரையிலேயே ஒருத்தன் தொட்டதில்லீங்க. என் பொண்ணு மேல சத்தியம்! கல்யாணத்துக்கு அப்புறமும் தீபாவளி, பொங்கல் எதுக்கு நான் வந்தாலும் சரி, காரைக்கால்லேருந்து ஒரு சொட்டு இந்த வாசப்படி ஏறாது. நான் இருக்கிற வரைக்கும் ஏற விடமாட்டேன்!"

முத்தையன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கைப் பார்த்தார். மீதி ஐந்து பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நாங்க யோசிச்சுக் கடிதம் போடுறோம்," என்றார்.

தெருவுக்கு வந்ததும் சண்முகசுந்தரம் பொருமித் தீர்த்தார். "என்ன தங்கையன், விளக்கிக் காட்டியே நிரூபிச்சுட்டேன். பொண்ணு மேல சத்தியம் வேற பண்ணினேன். இன்னும் என்ன சந்தேகம் அந்த மனுஷனுக்கு?"

தங்கையன் குடையை விரித்து, தலையை அதற்குள் நன்றாக மறைத்துக்கொண்டு சொன்னார்: "நாகப்பட்டினத்துலேயே வந்த எட்டுப் பொண்ணையும் தட்டிக் கழிச்சுட்டு, சம்பந்தம் பண்ணினா காரைக்கால்லதான்னு அவரு ஒத்தக்கால்ல நின்னது வேற எதுக்குன்னு நெனச்சீங்க?"